அழுமூஞ்சிக் கவிஞரும் அஞ்சல் அதிகாரியும்: ஒரு மறுவாசிப்பின் நிகழ்வு ஆய்வு

1994இல் இந்திய அஞ்சல் வாரியத்தின் உறுப்பினர் ஒருவர் பணி ஓய்வு பெற்றார். 18ஆம் நூற்றாண்டு உருதுக் கவிஞர் ஒருவருக்கு அவர் எழுதிவந்த உரையின் நான்காவது தொகுதியும் அதே ஆண்டில் வந்து நிறைவுற்றது. பகலில் கோப்புகளில் குறிப்பெழுதிய பேனாதான் இரவில் கஜலுக்கு உரை எழுதியது. அதிகாரியின் பெயர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி. கவிஞரின் பெயர் மீர் தகி மீர்.

இதை ஒரு வழக்காகவே எடுத்துக்கொள்ளலாம். மீர் மீது நூறு ஆண்டுக்கும் மேலாக ஒரு தீர்ப்பு இருந்தது. வசைத் தீர்ப்பாக இருந்திருந்தால் யாராவது முன்பே மேல்முறையீடு செய்திருப்பார்கள். இது பாராட்டின் வடிவில் வந்த தீர்ப்பு. ‘மீர் சோகத்தின் கவிஞர், எளிமையின் அரசர், பாவம், வாழ்நாள் முழுக்க அழுதவர்.’ ஆறு திவான்கள் (கவிதைத் தொகுப்புகள்) எழுதியவரிடம் தேறுவது எழுபத்திரண்டு ‘நஷ்தர்’கள்தான், அதாவது நெஞ்சைக் கீறும் எழுபத்திரண்டு கத்திமுனைகள்தான், என்றும் ஒரு கணக்கு உலவியது. மீதியைப் படிக்காமல் விட்டாலும் பாதகமில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

மீர் 1723இல் ஆக்ராவில் பிறந்து, டெல்லியில் பேர் எடுத்து, 1810இல் லக்னோவில் இறந்தவர். ‘ரேக்தாவுக்கு (உருதுவின் பழைய பெயர்) உஸ்தாத் நீ ஒருவன்தான் என்று நினைக்காதே காலிப், முன்னொரு காலத்தில் மீர் என்றும் ஒருவர் இருந்தாராம்’ என்று அடுத்த நூற்றாண்டின் பெருங்கவிஞர் காலிப்பே தலைவணங்கியிருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு அழுமூஞ்சிப் பட்டம் எங்கிருந்து வந்தது?

அவருடைய வரிகளிலிருந்தேதான் வந்தது. ‘என்னைக் கவிஞன் என்று சொல்லாதீர், எத்தனையோ வலியையும் துயரையும் சேர்த்துவைத்தேன், அது திவான் ஆயிற்று’ என்று மீர் ஓரிடத்தில் சொல்கிறார். இதை வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டார்கள். வேறோர் இடத்தில் அதே மீர் சொல்வது இது: ‘எங்கிருந்து பார்த்தாலும் ஆரவாரம் கிளப்பும் ஒரு ஷேர் (கஜலின் ஈரடி) எழும்புகிறது, என் திவானில் எங்கு பார்த்தாலும் ஊழிநாளின் அமளி.’ சோக வாக்குமூலத்தைப் பத்திரப்படுத்தியவர்கள் இந்த இரண்டாம் வாக்குமூலத்தைக் கண்டுகொள்ளவில்லை. ஃபாரூக்கி தன் நான்கு தொகுதிகளுக்கும் வைத்த தலைப்பு, ‘ஷேர்-எ ஷோர் அங்கேஸ்’, இந்த இரண்டாவது ஷேரிலிருந்து எடுத்தது. ஆரவாரம் கிளப்பும் கவிதை. தலைப்பிலேயே மேல்முறையீட்டு மனு இருக்கிறது.

தீர்ப்பு எழுதியவர்கள்

தீர்ப்பை எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள் என்று சொல்லிவிட்டால் எளிதாக இருக்கும். எழுதியவர்கள் இருவரும் பழைய டெல்லியின் பிள்ளைகள்.

ஒருவர் முஹம்மத் ஹுசைன் ஆசாத். டெல்லியின் முதல் உருதுப் பத்திரிகைகளில் ஒன்றை நடத்திய இவருடைய தந்தையை 1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் கொன்றார்கள். குடும்பத்தோடு ஊரை விட்டு ஓடும்போது ஆசாத் கையில் அள்ளிக்கொண்டது தன் குரு ஸௌக்கின் கஜல் தாள்களை. அந்த மனிதர்தான் 1880இல் லாகூரில் இருந்துகொண்டு ‘ஆப்-எ ஹயாத்’ எழுதினார். உருதுக் கவிதை வரலாற்றை ஐந்து காலங்களாகப் பிரித்து, கவிஞர்களைப் பற்றிய கதைகளைச் சுவையாகக் கோத்தார். தோட்டத்தைப் பார்த்தபடி ஜன்னல் உள்ள வீட்டில் மீர் பல காலம் இருந்தாராம், ஒருநாளும் அந்த ஜன்னலைத் திறக்கவில்லையாம், கேட்டால் ‘இந்தத் தோட்டத்திலேயே மூழ்கிக் கிடக்கிறேன், அந்தத் தோட்டம் இருப்பதே தெரியாது’ என்று தன் கவிதைத் தாள்களைக் காட்டினாராம். இந்தக் கதை அந்த நூலில் உள்ளதுதான். எழுபத்திரண்டு நஷ்தர் கணக்கையும் பரப்பியது அதுவே. இவ்வளவு நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவர் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

இன்னொருவர் காலிப்பின் மாணவர் அல்தாஃப் ஹுசைன் ஹாலி. லாகூரில் அரசுப் புத்தகக் கிடங்கில், ஆங்கிலத்திலிருந்து உருதுவுக்கு வந்த மொழிபெயர்ப்புகளைத் திருத்தும் வேலை பார்த்தவர். 1893இல் தன் திவானுக்கு முன்னுரையாக ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நவீன உருது விமர்சனம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். நல்ல கவிதைக்கு மூன்று இலக்கணம் என்றார் அதில்: சாத்கி, அஸ்லியத், ஜோஷ். எளிமை, உண்மைத்தன்மை, வேகம். மூன்றும் ஆங்கிலக் கவிஞர் மில்டனிடமிருந்து வந்தவை. ஆனால் மில்டன் சொன்ன நடுச்சொல்லுக்குப் ‘புலன்களுக்கு எட்டுவது’ என்று பொருள். அது உருதுவுக்கு வரும் வழியில் ‘உண்மையாக நடந்தது’ என்ற பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஒரு சொல் வழுக்கியது. கஜல் மொத்தமும் பொய் சொன்ன குற்றவாளி ஆனது. இல்லாத காதலி, குடிக்காத மது, கூண்டுக்குள் பாடும் புல்புல், எல்லாமே செயற்கை என்று ஆயிற்று.

ஹாலியை நான் குறைசொல்லத் தயங்குவேன். ஊர் எரிந்து, ஆதரித்த அரசவை அழிந்து, சோற்றுக்குப் புதிய அரசின் அலுவலகத்தில் நின்றவர். நம் கவிதையில் ஏதோ கோளாறு இருந்ததால்தான் தோற்றோம் என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. அவருடைய துயரம் நிஜம், அதில் பிறந்த விதிதான் கோணல். 1936இல் லக்னோ மாநாட்டோடு புறப்பட்ட முற்போக்கு எழுத்தாளர்களில் பலரும் வேறு மொழியில் இதையே சொன்னார்கள்: கஜல் நிலப்பிரபுக்களின் கேளிக்கை.

பல்லியாவிலிருந்து அலகாபாத்

ஃபாரூக்கி 1935 செப்டம்பர் 30 அன்று பிறந்தார். குடும்பத்தின் ஊர் கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கட் பக்கம். 1955இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்தார், அதுவும் ஆங்கில இலக்கியத்தில். உருதுத் துறையில் ஒரு நாளும் மாணவராக உட்காராதவர்தான் பிற்பாடு உருதுத் துறைகளைத் திருப்பிப்போட்டார். பல்லியாவிலும் ஆசம்கட்டிலும் கல்லூரி ஆசிரியராகச் சில காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு, குடிமைப் பணித் தேர்வு எழுதி அஞ்சல் துறைக்குப் போனார்.

இந்த அஞ்சல் வேலையை அவரைப் பற்றி எழுதுபவர்கள் ஒரு வினோதத் தகவலாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. உருதுப் பேராசிரியராக இருந்திருந்தால் ஹாலியின் மூன்று இலக்கணத்தை ஆண்டுதோறும் வகுப்பில் ஒப்பிக்க வேண்டியிருக்கும். துறைத் தலைவரின் மனம் கோணாமல் கட்டுரை எழுத வேண்டியிருக்கும். மாதச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்ததால், இலக்கியத்தில் யாருக்கும் சலாம் போட வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை.

1966இல் அலகாபாத்திலிருந்து ‘ஷப்கூன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சொல்லுக்கு அர்த்தம் இரவுத் தாக்குதல், எதிரி தூங்கும்போது பாளையத்துக்குள் புகுந்து அடிப்பது. அடி விழுந்தது முற்போக்கு முகாமின் மீது. கவிதைக்கு முன்கூட்டியே ஒரு கொள்கையைக் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது என்பதே அதன் கட்சி. நையர் மசூத் போன்றவர்களின் கதைகள் அதில் வந்தன. பணம்? அவருடைய மனைவி ஜமீலா கொடுத்தார். அவர் பெண்கள் கல்வி நிறுவனத்தில் முதல்வராக இருந்தவர். தன் வருமானத்தை இந்தப் பத்திரிகைக்குள் கொட்டினார். சிறுபத்திரிகை வரலாறு எழுதும்போது ஆசிரியரின் பெயர் அட்டையில் நிற்கும், அச்சகத்துக்குக் காசு கட்டியவரின் பெயர் அடிக்குறிப்பில்கூட நிற்காது. ஃபாரூக்கி அதைத் தானே வெளிப்படையாகச் சொல்லிவந்தார் என்பது ஆறுதல். சுமார் நாற்பது ஆண்டுகள் பத்திரிகை ஓடியது.

ஆக, 1960களில் அவர் ஒரு நவீனத்துவக் கலகக்காரர். மரபின் காவலர் என்று அன்று யாரும் அவரை அழைத்திருக்கமாட்டார்கள். காலிப் ஷேர்களுக்கு ஷப்கூனில் உரை எழுதத் தொடங்கியதும், ஆங்கில விமர்சனக் கருவிகள் ஓரளவுக்கு மேல் உள்ளே போகவில்லை என்று கண்டார். பழைய கவிஞர்கள் தங்களுக்குள் எந்த விதிகளை வைத்துக்கொண்டு ஒரு ஷேரை ‘ஆஹா’ என்றார்கள், எதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்? அதைத் தேடத் தொடங்கியவர் பாரசீகத்துக்கும் அரபுக்கும் சம்ஸ்கிருதக் கவிதையியலுக்கும் போய்வந்தார். அமெரிக்காவில் உருது கற்பித்த ஃபிரான்சிஸ் பிரிட்செட்டோடு அவருக்கு நீண்டகால உறவு இருந்தது. ஆசாத்தின் நூலை இருவரும் சேர்ந்தே ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். எதிர்க்கட்சி வக்கீலின் வாதத்தைத் தானே உட்கார்ந்து மொழிபெயர்க்கிறவர் எத்தனை பேர்?

ஜோலியை முடித்த நோய்

அவர் மீட்டெடுத்த விதிகளில் இரண்டு சொற்கள் அடிப்படை. மஸ்மூன் என்பது கவிதை எடுத்துக்கொள்ளும் பொருள். ‘காதல் ஒரு நோய்’ என்பது ஒரு மஸ்மூன். மானி என்பது அந்தப் பொருளிலிருந்து கிளைக்கும் அர்த்தங்கள். மஸ்மூன் ஊர்ப் பொதுச்சொத்து. நோய் என்றால் மருந்து, மருந்து என்றால் மருத்துவர், மருத்துவர் என்றால் கைவிரித்தல் என்று அது நீண்டுகொண்டே போகும். கவிஞர் அதில் புதிதாக ஒரு கிளை விட்டாரா, ஒரே வரியில் எத்தனை அர்த்தத்தை அடைத்தார் என்பதே கேள்வி. அவருக்கு நிஜமாகவே காய்ச்சல் அடித்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். தலைவியின் பசலையைப் படித்துவிட்டு, பாடிய புலவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்காத நமக்கு இது எளிதில் பிடிபடும்.

மீரின் முதல் திவானில் பேர்போன ஒரு கஜலின் தொடக்கத்தை இந்த வழியில் படித்துப் பார்க்கிறேன். உரை என்னுடையது, வழி ஃபாரூக்கியுடையது.

உல்டீ ஹோ கயீ(ன்) ஸப் தத்பீரே(ன்), குச் ந தவா நே காம் கியா
தேகா, இஸ் பீமாரி-எ தில் நே ஆகிர் காம் தமாம் கியா

செய்த உபாயமெல்லாம் தலைகீழாய்ப் போயிற்று, மருந்து எதுவும் வேலை செய்யவில்லை. பார்த்தாயா, இந்த நெஞ்சுநோய் கடைசியில் காரியத்தை முடித்துவிட்டது. இவ்வளவுதான் மேலே தெரிவது. சோகக் கவிஞர் கட்சிக்காரர்கள் இங்கேயே கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுக்கலாம். முதல் வரியின் கடைசியில் ‘காம் கியா’, வேலை செய்தது. இரண்டாம் வரியின் கடைசியில் ‘காம் தமாம் கியா’, வேலையை முழுசாக முடித்தது. உருதுப் பேச்சுவழக்கில் ஆளைத் தீர்த்துக்கட்டியது என்றும் பொருள். மொழிபெயர்ப்பில் சாகும் சிலேடை என்று நினைத்தேன். பிறகுதான் நம் தெருவில் இருக்கும் சொல் நினைவுக்கு வந்தது. மருந்து தன் ஜோலியைப் பார்க்கவில்லை. நோய் ஜோலியை முடித்துவிட்டது. வீட்டில் எல்லாரும் சோம்பேறிகள், ஒழுங்காக உழைத்த ஒரே ஆள் நோய். சாவுப் படுக்கையில் இப்படி ஒரு கிண்டல்.

இனி அந்த ‘தேகா’. பார்த்தாயா? யார் யாரைக் கேட்பது? சாகிறவனே சொல்வதாக வைத்தால், ‘நான் அப்போதே சொன்னேனா இல்லையா’ என்று மருத்துவரைத் தோற்கடித்த குரல், கிட்டத்தட்ட வெற்றிக் குரல். பக்கத்தில் உட்கார்ந்து விசிறிய நண்பன் சொன்னால் அலுப்பும் அழுகையும். சவ ஊர்வலம் போன பிறகு திண்ணையில் இருவர் பேசிக்கொள்வதாக வைத்தாலும் வாக்கியம் பிசகாமல் நிற்கும். ‘ஆகிர்’, கடைசியில், என்ற சொல்லில் தோல்வியும் இருக்கலாம், அப்பாடா என்ற நிம்மதியும் இருக்கலாம். வார்த்தைகளோ சந்தையில் காய் வாங்கப் பயன்படும் வார்த்தைகள். இதை எளிமை என்று சொல்லிவிட்டுப் போக மனம் வருமா?

ஃபாரூக்கி இப்படி ஷேர் ஷேராகப் பிடித்து உட்கார்ந்தார். எழுபத்திரண்டு கத்திமுனைக்கு வெளியே கிடந்த மீரை எடுத்துக் காட்டினார்: குறும்பும் கேலியும் செய்கிற மீர், உடம்பைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுகிற மீர், பாரசீகச் சொல்லையும் தெருச்சொல்லையும் ஒரே வரியில் உரசவிடுகிற மீர். 1996இல் இந்த உரைக்கு சரஸ்வதி சம்மான் என்ற இலக்கிய விருது கிடைத்தது. அதற்குப் பிறகு மீரைப் பற்றி எழுத வருகிறவர்கள் ஒத்துக்கொண்டாலும் மறுத்தாலும் இந்த நான்கு தொகுதிகளைச் சுற்றிக்கொண்டு போக முடிவதில்லை.

பெயரில் ஒரு பாளையம்

உருது என்றால் படைமுகாம், சிப்பாய்கள் கலந்து பேசிப் பிறந்த மொழி என்று எங்கள் பள்ளிப் பாடத்திலும் படித்தோம். ஃபாரூக்கி இதையும் நோண்டினார். 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு முன்பு அந்த மொழிக்கு உருது என்ற பெயரே கிடையாது என்று காட்டினார். ஹிந்தி, ஹிந்தவி, குஜ்ரி, தக்னி, ரேக்தா என்றுதான் அழைத்தார்கள். டெல்லியில் ‘உருது’ என்றால் ஷாஜஹானாபாத் நகரமும் அரசவையும். அந்நகரின் பேச்சு என்பதே சுருங்கி மொழியின் பெயரானது. சந்தை, பாளையம் என்ற கதை ஆங்கிலேயர் கல்கத்தாவில் நடத்திய ஃபோர்ட் வில்லியம் கல்லூரிப் புத்தகங்கள் வழியாக நிலைத்தது. ஒரு மொழியை வந்தேறிப் படையோடு முடிச்சுப்போட்டால் பிறகு அதை அந்நியம் என்பது எவ்வளவு சுலபம் என்று யோசித்தால், இது வெறும் சொற்பிறப்புச் சண்டை இல்லை என்று புரியும்.

இந்த மொழியின் இலக்கியம் டெல்லிக்கு முன்பே குஜராத்திலும் தக்காணத்திலும் செழித்தது என்பது அவர் வாதத்தின் மறுபாதி. அந்த வரலாற்றில் நம் பக்கத்து ஆள் ஒருவரும் வருகிறார். 18ஆம் நூற்றாண்டில் வேலூரில் பிறந்து தக்னியில் எழுதிய பாகர் ஆகாஹ். வடக்கே எழுதப்பட்ட வரலாறுகள் வாசலிலேயே நிறுத்திவைத்தவர்களை ஃபாரூக்கி கூடத்துக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தார்.

அமீர் ஹம்ஸா தாஸ்தான், அதாவது வாய்மொழியாகச் சொல்லப்பட்ட நீண்ட வீரக்கதை, விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் வெளியிட்ட 46 பெருந்தொகுதிகளையும் தேடிச் சேர்த்து, முழுக்கப் படித்து, அதற்கும் ஒரு கவிதையியல் எழுதினார். வாய்மொழிக் கதைக்கு நாவலின் விதியைப் போட்டு அளக்காதீர்கள் என்றார். அவருடைய தூண்டுதலில் உடன்பிறந்தவரின் மகன் மஹ்மூத் ஃபாரூக்கி 2005இல் மேடையேற்றிய தாஸ்தான்கோயி என்ற கதைசொல்லும் கலை இன்று நாடெங்கும் நடக்கிறது.

தன் விதியைத் தானே மீறியவர்

சிறுகதையும் நாவலும் கவிதைக்கு ஒரு படி கீழே என்று ஒரு புத்தகமே எழுதியவர் ஃபாரூக்கி. பெயர் ‘அஃப்ஸானே கீ ஹிமாயத் மே(ன்)’, சிறுகதைக்கு ஆதரவாக! கதைக்காரர்கள் கொதித்தார்கள். அதே மனிதர் அறுபதைத் தாண்டியபின் தன் பத்திரிகையிலேயே புனைபெயரில் கதை எழுதினார். 2006இல் ‘கயீ சாந்த் தே ஸர்-எ ஆஸ்மான்’ என்ற பெருநாவல் வந்தது. வானத்தில் நிலாக்கள் பல இருந்தன என்ற தலைப்பு கவிஞர் அஹ்மத் முஷ்தாக்கின் வரி. நாயகி வஸீர் கானம், கவிஞர் தாக் தெஹ்லவியின் தாய். அவளுடைய வாழ்க்கையில் ஓர் ஆங்கிலேய அதிகாரி வருகிறார். டெல்லியின் கம்பெனி அதிகாரி வில்லியம் ஃப்ரேசரின் கொலை வழக்கில் 1835இல் தூக்கிலேற்றப்பட்ட நவாப் ஷம்சுத்தீன் வருகிறார். கடைசி முகலாயரின் மகன் மிர்ஸா ஃபக்ரூ வருகிறார். துணியின் நெசவு, நகையின் பெயர், யார் முன் எப்படிக் குனிவது, எல்லாம் அந்தக் காலத்துச் சொற்களிலேயே. 2013இல் அவரே அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்.

ஹாலியும் ஆசாத்தும் சீரழிவு என்று ஒதுக்கிய காலத்தை, விமர்சனத்தில் வாதாடி மீட்டது போதாமல், இதில் உள்ளே புகுந்து குடியிருந்து காட்டினார் என்றே இந்த நாவலை வாசிக்கிறேன். சில இடங்களில் காட்சிசாலைக்குள் நடக்கிற உணர்வு வருகிறது. ஒரு உடையை வருணிக்க ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறவரிடம் கதை எங்கே என்று கேட்டால் கோபித்துக்கொள்வார் போலிருக்கும்.

ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. பழைய தஸ்கிராக்கள் (கவிஞர்களை அறிமுகப்படுத்தும் தொகுப்புகள்) ஒரு கவிஞருக்கு நாலு வரி எழுதி முடித்துவிடும். அவற்றிலிருந்து இவ்வளவு சீரான கவிதையியலை எடுக்க முடிந்தது என்றால், அதில் 18ஆம் நூற்றாண்டு எவ்வளவு, ஃபாரூக்கி எவ்வளவு? ஒரு வரியில் பல அர்த்தம் கண்டால் பூரிப்பது ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் வழிவந்த ஆங்கில விமர்சனத்தின் குணமும்தான், அது அவர் இளமையில் பயின்ற பள்ளி. மேல்நாட்டுக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னவரின் கண்ணில் மெல்லிய வில்லை ஒன்று ஒட்டிக்கொண்டே இருந்தது என்பது என் எண்ணம். முற்போக்கினரிடம் அவர் கறார், சில நேரம் அநியாயமான கறார். அவர்கள் வரலாற்றில் செய்த வேலைக்கு உரிய எடையை அவர் தராசு காட்டவில்லை.

அவருடைய கவிதைகள் தனிக்கதை. ‘கஞ்ஜ்-எ ஸோக்தா’ 1969இல் வந்தது. ருபாயிகள் என்ற நாலடிக் கவிதைகளுக்கென்றே ஒரு தொகுப்பு உண்டு. சரஸ்வதி சம்மான் ஆண்டான 1996இல்தான் ‘ஆஸ்மான் மெஹ்ராப்’ தொகுப்பும் வெளியானது. கவிஞர், விமர்சகர் என்று இரண்டு பட்டமும் சேர்த்தே அச்சடிப்பார்கள், ஆனால் பேச்சு தொடங்கினால் இரண்டாவதுக்குத் தாவிவிடும். யாப்பில் அவ்வளவு கை தேர்ந்தவர், மீரின் ஒரு ஷேருக்குப் பக்கம் பக்கமாக உரை எழுதியவர், தன் கவிதைக்கு அப்படியொரு வாசகரைப் பெறவில்லை.

2020 நவம்பரில் கொரோனா தொற்றியது. டெல்லி மருத்துவமனையில் இருந்து தேறினாலும் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அலகாபாத் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். டிசம்பர் 25 காலையில் கூட்டிவந்தார்கள். வீடு வந்து சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் உயிர் பிரிந்தது. வயது 85.